வயர்லெஸ் நன்றாக இருக்க வயர் வேண்டும்!

"ஆபீஸில் வை-பி சரியாக வரவில்லை. இன்னும் பவர்புல்லாக ஒரு ரூட்டர் வாங்கிவிடலாமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, சிறிய அளவில் அலுவலகம் தொடங்கியிருக்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். நான் சாப்ட்வேர் எழுதுகிறவன். நெட்வொர்க் அமைப்பது என் தொழில் அல்ல. ஆனால் நம் ஊரில் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று இரண்டு எழுத்து இருந்தால் போதும். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் சரி, நெட் வராவிட்டாலும் சரி, "தம்பி, கொஞ்சம் வந்து பாருப்பா" என்று போன் வந்துவிடும். அப்படிப் போய்ப் பார்த்த இடங்களில் எல்லாம் நான் கண்டது ஒரே கதைதான். பணம் செலவழித்திருப்பார்கள், பெட்டிகள் நிறைய இருக்கும், சிக்னல் மட்டும் இருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்னல் எட்டாத அலுவலகத்திற்குப் பெரிய ரூட்டர் தீர்வு அல்ல. ரிப்பீட்டரும் தீர்வு அல்ல. சிக்னல் தேவைப்படும் இடம் வரை கேபிளைக் கொண்டு போய், அங்கே ஒரு சாதாரண அக்ஸெஸ் பாயிண்ட் வைப்பதுதான் சரியான வழி. வயர்லெஸ் என்ற பெயரைப் பார்த்து வயரே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில், கடைசிச் சில மீட்டர் தூரத்திற்கு மட்டும்தான் அது வயர்லெஸ். அதற்கு முன்னால் வயர் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் வயர்லெஸ்ஸும் நன்றாக இருக்கும்.

ஒரு பெட்டிக்குள் நான்கு வேலை

இன்டர்நெட் கம்பெனிக்காரர் வந்து மாட்டிவிட்டுப் போகும் பெட்டியை நாம் பொதுவாக "மோடம்" என்கிறோம். அந்த ஒரு பெட்டிக்குள் நான்கு கருவிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் இணைப்பை வாங்கும் மோடம் ஒன்று. உள் நெட்வொர்க்கையும் வெளி உலகத்தையும் பிரித்து, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐபி முகவரி கொடுக்கும் ரூட்டர் இரண்டாவது. பின்புறம் நான்கு ஓட்டைகளுடன் இருக்கும் ஸ்விட்ச் மூன்றாவது. ரேடியோ அலையைப் பரப்பும் அக்ஸெஸ் பாயிண்ட் நான்காவது.

வீட்டிற்கு இந்த ஏற்பாடு போதும். ஆனால் அலுவலகம் வளரும்போது நமக்குக் குறைவது நான்காவது மட்டும்தான். மோடம் ஒன்று போதும். ரூட்டரும் ஒன்றுதான் இருக்க வேண்டும். அக்ஸெஸ் பாயிண்ட்தான் இரண்டு, மூன்று தேவை. இந்தப் பிரிவைப் புரிந்துகொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கடையில் "வை-பி பெட்டி ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் நான்கும் சேர்ந்த இன்னொரு பெட்டியைத்தான் கொடுப்பார்கள். அங்கேதான் குழப்பம் ஆரம்பமாகிறது.

பெரிய ஆண்டெனா ஏன் உதவாது?

திறந்த வெளியில்கூட தூரம் இரண்டு மடங்கானால், போய்ச் சேரும் ரேடியோ சக்தி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதாவது சிக்னல் இரண்டு மடங்கு தூரம் போக வேண்டுமானால், நான்கு மடங்கு பவர் வேண்டும். நம் அலுவலகம் திறந்த வெளியும் அல்ல. செங்கல் சுவர், கம்பி போட்ட கான்கிரீட் தளம், இரும்பு ரேக், பீரோ, தண்ணீர்த் தொட்டி என்று வழியெல்லாம் தடைகள். எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு போகும் அளவுக்குப் பவரைக் கூட்ட சட்டமும் அனுமதிக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் வாங்காமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் விதி கொண்டுவந்தபோதே, பவருக்கு உச்சவரம்பும் வைத்துவிட்டது.

அதைவிட முக்கியமான இன்னொரு காரணம் உண்டு. வயர்லெஸ் என்பது வானொலி நிலையம் போல ஒருவழிப் பேச்சு அல்ல. ரூட்டர் பேச வேண்டும். உங்கள் போன் பதில் சொல்ல வேண்டும். ரூட்டருக்குப் பெரிய தொண்டை வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள், சரி. போனுக்கு? பேட்டரியில் ஓடும் போன் குறைந்த பவரில்தான் பதில் அனுப்பும். அந்தப் பதில் ரூட்டரை எட்டாது. அதனால்தான் சில இடங்களில் போனில் மூன்று கோடு தெரிந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரூட்டர் கத்துவது போனுக்குக் கேட்கிறது. போன் முனகுவது ரூட்டருக்குக் கேட்கவில்லை.

தூரத்தில் இருக்கும் ஒரு போன், அருகில் இருப்பவர்களையும் கெடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். 802.11என் முறையில் ஒற்றை ஆண்டெனா உள்ள சாதாரண போன், அருகில் இருந்தால் நொடிக்கு 65 மெகாபிட் வேகத்தில் பேசும். சிக்னல் மங்கிய மூலையில் அதே போன் 6.5 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஒரே பைலை அனுப்ப, பத்து மடங்கு நேரம் அது வரிசையை அடைத்துக்கொண்டு நிற்கும். "மேனேஜர் அறையில் சிக்னல் புல்லாக இருக்கிறது, ஆனாலும் ஸ்லோவாக இருக்கிறது" என்ற புகாருக்கு, கோடவுனில் இருக்கும் ஒரு போன்கூடக் காரணமாக இருக்கலாம்.

ரிப்பீட்டர் என்னும் சுலப வழி

இதற்கு அடுத்தபடியாகக் கடைகளில் சிபாரிசு செய்யப்படுவது ரிப்பீட்டர். எக்ஸ்டெண்டர் என்றும் சொல்வார்கள். ப்ளக்கில் சொருகினால் போதும், வயர் கிடையாது, சுவரில் ஓட்டை கிடையாது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அது செய்யும் வேலை என்ன? ரூட்டர் சொன்னதைக் காதில் வாங்கி, அதையே மறுபடி சத்தமாகச் சொல்கிறது. ஒரே சானலில் ஒவ்வொரு செய்தியும் இரண்டு முறை போகிறது. எனவே வேகம் சுமார் பாதியாகிவிடும். ஒரு ரிப்பீட்டரிலிருந்து சிக்னல் வாங்கும் இன்னொரு ரிப்பீட்டரை அதற்கு அப்பால் வைத்தால், அதே செய்தி மூன்று முறை காற்றில் போகும்.

இன்னொரு கொடுமை, பெரும்பாலோர் ரிப்பீட்டரைச் சிக்னல் இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதற்கே காது கேட்காதபோது அது எதைத் திருப்பிச் சொல்லும்? போனில் மட்டும் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரியும். அந்தக் கோடுகள் காட்டுவது ரிப்பீட்டருக்கும் போனுக்கும் இடையே உள்ள சிக்னலை. ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

திருப்பூரில் பார்த்த ஒரு அலுவலகம்

உறவினர் ஒருவர் திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறார். மேல்மாடியில் அலுவலகம், கீழே முன்புறம் கட்டிங், பின்புறம் பேக்கிங். இன்டர்நெட் பெட்டி மேலே, அவர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. நான் போன இடங்களில் பெரும்பாலும் அப்படித்தான். பெட்டி முதலாளி அறையில் இருக்கும். வேலை வேறு எங்கோ நடக்கும். மேலே சினிமா பார்க்கும் அளவுக்கு வேகம். கீழே பேக்கிங்கில் வேலை பார்க்கும் பெண், பெட்டிகளின் எண்ணிக்கையை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார். இ-வே பில் மேலே தயாராகி, பிரிண்ட் எடுத்து, மறுபடி கீழே வரும் வரை லாரி வாசலில் நிற்கும்.

இதைச் சரி செய்ய ஒரு கடையில் மூன்று ரிப்பீட்டர்களும் ஒரு ரூட்டரும் கொடுத்திருந்தார்கள். விளைவு, போனில் ஐந்து வை-பி பெயர்கள். எதில் சேர்ந்தால் நெட் வரும் என்பது ஊழியர்களுக்கே ஒரு தினசரி ஆராய்ச்சி. புது ரூட்டரில் சேர்ந்தால் நெட் வரும். ஆனால் பிரிண்டர் தெரியாது, டேலி இருக்கும் கம்ப்யூட்டரும் தெரியாது.

நாங்கள் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. மாடியிலிருந்து கீழே இரண்டு கேபிள்கள். ஒன்று கட்டிங், ஒன்று பேக்கிங். இரண்டின் முனையிலும் கூரையை ஒட்டி ஒவ்வொரு அக்ஸெஸ் பாயிண்ட். ரிப்பீட்டர்கள் மூன்றையும் கழற்றியாயிற்று. ஐந்து பெயர்கள் ஒன்றாயின. ஒரு எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை. இப்போது இ-வே பில் பேக்கிங் மேஜையிலேயே தயாராகிறது. இன்டர்நெட் இணைப்பின் வேகத்தை ஒரு மெகாபிட்கூடக் கூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு வீட்டிற்கு ஒரு ரூட்டர்

அந்தப் புது ரூட்டரில் சேர்ந்தால் பிரிண்டர் ஏன் தெரியவில்லை? நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.25 என்பது போல ஒரு முகவரி தரப்படுகிறது. இந்த வேலைக்குப் பெயர் டிஎச்சிபி. இதை ரூட்டர்தான் செய்யும். இரண்டாவது ரூட்டரின் "வேன்" ஓட்டையில் கேபிளைச் சொருகினால், அது தனக்குக் கீழே தனியாக இன்னொரு நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே சுவர் எழும்பிவிடும். இன்டர்நெட் மட்டும் வரும். மேல்மாடிப் பிரிண்டர் இருக்கும் தெருவே இதற்குத் தெரியாது.

"லேன்" ஓட்டையில் சொருகினால்? இப்போது ஒரே நெட்வொர்க். ஆனால் முகவரி கொடுக்க இரண்டு பேர். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் முகவரிகளைக் கொடுப்பார்கள். ஒரே முகவரி இரண்டு கம்ப்யூட்டர்களுக்குப் போய்விடும். காலையில் நன்றாக ஓடியது மதியம் நின்றுவிடும். இந்த மாதிரிப் பிரச்சினைதான் வந்து வந்து போய், இன்டர்நெட் கம்பெனிக்காரரைத் திட்ட வைக்கும்.

தனி அக்ஸெஸ் பாயிண்ட் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. உங்களிடம் பழைய ரூட்டர் ஒன்று சும்மா இருந்தால் அதையே அக்ஸெஸ் பாயிண்ட்டாக மாற்றலாம். வழி இதுதான்:

1. பழைய ரூட்டரை ஒரு கம்ப்யூட்டருடன் மட்டும் கேபிளால் இணைத்து, அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்திடுங்கள்.

2. "அக்ஸெஸ் பாயிண்ட் மோட்" என்று ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த இரண்டையும் செய்திடுங்கள்.

3. அதன் லேன் முகவரியை முதல் ரூட்டருடன் மோதாதபடி மாற்றுங்கள். முதல் ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். முதல் ரூட்டர் மற்ற கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரி வரிசைக்குள் இந்த எண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. டிஎச்சிபி சர்வரை நிறுத்துங்கள். முதல் ரூட்டரிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் ஓட்டைகளில் ஒன்றில் சொருகுங்கள். வேன் ஓட்டை காலியாகவே இருக்கட்டும்.

ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் தெரியாமல் ஒரே ஸ்விட்ச்சில் சொருகிவிடாதீர்கள். சாதாரண ஸ்விட்ச்சில் செய்தி வட்டமாகச் சுற்றத் தொடங்கி, அலுவலகம் முழுவதும் நெட்வொர்க் நின்றுபோகும். ஒவ்வொரு கேபிள் முனையிலும் "பேக்கிங்", "கட்டிங்" என்று எழுதி ஒட்டிவிட்டால் இந்த ஆபத்து குறையும்.

1, 6, 11

இரண்டு அக்ஸெஸ் பாயிண்ட்கள் வைத்தாயிற்று. இரண்டும் ஒரே சானலில் இருந்தால், ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். செலவு இரண்டு பெட்டிக்கு. கிடைப்பது ஒரு பெட்டியின் வேகம். 2.4 கிகாஹெர்ட்ஸில் நமக்கு 13 சானல்கள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கி அடுக்கப்பட்டவை. ஒரு இணைப்புக்குக் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. ஆகவே ஒன்றன் மேல் ஒன்று விழாமல் பயன்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். முதல் அக்ஸெஸ் பாயிண்ட்டுக்கு 1, அடுத்ததற்கு 6, மூன்றாவதற்கு 11 என்று கொடுங்கள். "கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்" என்று 3, 4 என்று வைப்பது மிக மோசம். ஒரே சானலில் இருப்பவர்களாவது முறை வைத்துப் பேசுவார்கள். பாதி மேலே விழுந்தால் இருவர் பேச்சும் இரைச்சலாகிவிடும்.

வேகத்திற்காக 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் செட்டிங் ஒன்று உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் அதைத் தொடாதீர்கள். இருக்கும் மூன்று பாதைகளில் இரண்டை ஒருவரே அடைத்துக்கொள்வது போலாகும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். நம் நாட்டில் 2018 அக்டோபரில் அந்தப் பகுதி இன்னும் விரிவாகத் திறந்துவிடப்பட்டது. அது சுவரைத் தாண்டச் சிரமப்படும் என்று குறை சொல்கிறார்கள். பல அக்ஸெஸ் பாயிண்ட்கள் வைக்கும் இடத்தில் அதுதான் அதன் நன்மை. ஒரு அறையின் பேச்சு அடுத்த அறைக்குப் போய்த் தொல்லை தராது.

பவரைக் குறையுங்கள்

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அக்ஸெஸ் பாயிண்ட் இரண்டுக்கு மேல் இருந்தால், ஒவ்வொன்றின் டிரான்ஸ்மிட் பவரையும் நடுத்தர அளவுக்குக் குறைக்க வேண்டும். காரணம், எந்த அக்ஸெஸ் பாயிண்ட்டுடன் சேர்வது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது போன்தான். மாடியில் சேர்ந்த போன், கீழே பேக்கிங்குக்கு வந்த பிறகும் மாடிச் சிக்னல் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டிருந்தால், அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். பக்கத்திலேயே இருக்கும் புதிய அக்ஸெஸ் பாயிண்ட்டைத் திரும்பியும் பார்க்காது. பவரைக் குறைத்தால் பழைய சிக்னல் சீக்கிரம் மங்கும். போன் கையை விட்டுவிட்டு அருகில் இருப்பதைப் பிடிக்கும்.

எல்லா அக்ஸெஸ் பாயிண்ட்களுக்கும் வை-பி பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு முறை மூன்றும் ஒரே மாதிரி இருக்கட்டும். சானல் மட்டும் வெவ்வேறாக இருக்கட்டும். அப்போதுதான் நடந்துகொண்டே பேசும்போது போன் தானாக மாறிக்கொள்ளும்.

வைத்த இடம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆண்ட்ராய்டு போனில் சிக்னலை எண்ணாகக் காட்டும் இலவச அப்ளிகேஷன்கள் கிடைக்கின்றன. அதை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் மெதுவாக ஒரு சுற்று நடந்து பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல சிக்னல் கிடைத்தால் போன் பேச்சுக்கும் போதும். மைனஸ் 50 என்பது மைனஸ் 67-ஐ விட நல்லது. மைனஸ் 80 மோசம். நடக்கும்போது கதவுகளைச் சாத்தி வையுங்கள். சரக்கு நிறைந்திருக்கும் நாளில் நடங்கள். காலியான கோடவுனில் அளந்த கணக்கு, சரக்கு வந்த பிறகு நிற்காது.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்

அக்ஸெஸ் பாயிண்ட்டை நாலைந்து வருடத்தில் மாற்றுவீர்கள். 2003-ல் 802.11ஜி, 2009-ல் 802.11என், 2013-ல் 802.11ஏசி, 2021-ல் வை-பி 6 எனப்படும் 802.11ஏஎக்ஸ் என்று தரம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சுவருக்குள் போட்ட கேபிளை அப்படி மாற்ற மாட்டீர்கள். எனவே பணத்தை முதலில் அங்கே போடுங்கள். கேட் 6 கேபிள் வாங்குங்கள். ஒரு இழுப்பு 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும்.

மலிவான கேபிளில் ஒரு ஏமாற்று உண்டு. உள்ளே அலுமினியக் கம்பி, மேலே தாமிரப் பூச்சு. பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் இதை இழுக்காதீர்கள். தனிப் பைப் போடுங்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே திறந்த வெளியில் போகும் கேபிளுக்குத் தாமிரம் வேண்டாம்; இடி மின்னல் இரண்டு பக்கக் கருவிகளையும் சாப்பிட்டுவிடும். அங்கே பைபர் கேபிள்தான் நல்லது.

பிஓஇ என்ற வசதி உள்ள ஸ்விட்ச் வாங்கினால், நெட்வொர்க் கேபிள் வழியாகவே அக்ஸெஸ் பாயிண்ட்டுக்குக் கரண்ட்டும் போகும். 2003-ல் வந்த முதல் தரத்தின்படி ஸ்விட்ச் ஒரு ஓட்டைக்கு 15.4 வாட் வரை தரும். 2009-ல் வந்த அடுத்த தரம் 30 வாட் வரை தரும். எந்த அக்ஸெஸ் பாயிண்ட்டுக்கு எது தேவை என்று பார்த்து வாங்குங்கள். கூரையில் ப்ளக் பாயிண்ட் தேட வேண்டாம். அதோடு, ஸ்விட்ச்சுக்கு ஒரு யுபிஎஸ் கொடுத்துவிட்டால், கரண்ட் போனாலும் எல்லா அக்ஸெஸ் பாயிண்ட்களும் உயிரோடு இருக்கும். மோடத்தையும் அதே யுபிஎஸ்ஸில் சேர்த்துவிடுங்கள்.

எங்களைப் போன்ற பி.இ. பட்டதாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளை நாங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்து வந்தவர்கள். கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலைக் கையில் பிடிக்காமலே பட்டம் வாங்கியவர்கள் எங்களில் ஏராளம். திருப்பூரில் அந்த எலக்ட்ரீஷியன், கேபிளை எந்த மூலையில் எவ்வளவு வளைக்கலாம், எந்தத் தூணுக்குப் பின்னால் மறைக்கலாம் என்று கைப்பழக்கத்தில் சொன்னார். நெட்வொர்க் நன்றாக இருப்பதில் அவர் கைக்குத்தான் பெரிய பங்கு. அவர் கூலியில் பேரம் பேசி, அந்தப் பணத்தில் எட்டு ஆண்டெனா ரூட்டர் வாங்குவது நியாயமும் அல்ல, லாபமும் அல்ல.

கதவைப் பூட்டுங்கள்

சிக்னல் அலுவலகம் முழுவதும் பரவினால் தெருவுக்கும் பரவும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது அனுப்பப்பட்ட மிரட்டல் இ-மெயில், நவி மும்பையில் வேறொருவர் வீட்டில் பூட்டாமல் இருந்த வயர்லெஸ் இணைப்பு வழியாகப் போனது என்று விசாரணையில் தெரியவந்தது. சம்பந்தமே இல்லாத அந்த வீட்டுக்காரரைத்தான் போலீஸ் முதலில் தேடி வந்தது. உங்கள் நெட்வொர்க்கில் யார் என்ன செய்தாலும் முதல் கேள்வி உங்களுக்குத்தான்.

எனவே டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 முறையையே தேர்ந்தெடுங்கள். டபிள்யூஇபி என்ற பழைய முறை 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. பட்டனை அழுத்தினால் சேர்ந்துவிடும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்துங்கள். அதன் எட்டு இலக்கப் பின் முறையில் உள்ள ஓட்டை 2011-ல் வெளியானது. விருந்தினர்களுக்குத் தனியாகக் "கெஸ்ட்" பெயர் ஒன்று கொடுங்கள். ஆபீஸ் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எல்லா அக்ஸெஸ் பாயிண்ட்களின் செட்டிங்ஸ் பக்கத்திற்கும், பெட்டியோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவதை மறக்காதீர்கள். இரண்டு பெட்டிகளை மாற்றிவிட்டு மூன்றாவதை விட்டுவிட்டால், பூட்டிய வீட்டில் பின்வாசல் திறந்திருப்பது போலத்தான்.

கேபிள் இழுக்கவே முடியாதென்றால்?

வாடகைக் கட்டடம், சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்கிறார் உரிமையாளர். நியாயமான சிக்கல்தான். முதலில், சுவரை உடைக்காமல் ஓரத்தில் ஒட்டும் பிவிசி கேசிங்கில் கேபிள் போகுமா என்று பாருங்கள். அதுவும் முடியாது என்றால் மெஷ் எனப்படும் கருவிகளை வாங்கலாம். இவை ரிப்பீட்டரின் படித்த தம்பிகள். பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை உள்ள மாடலாக வாங்குங்கள். இரண்டாவது பெட்டியைச் சிக்னல் இல்லாத இடத்தில் வைக்காமல், பாதி வழியில் வையுங்கள். பெரும்பாலான மெஷ் பெட்டிகளின் பின்னாலும் கேபிள் ஓட்டை இருக்கும். நாளை கேபிள் போட முடிந்தால் அதில் சொருகிவிடுங்கள். அப்போது அது முழு அக்ஸெஸ் பாயிண்ட்டாகிவிடும். மெஷ் விற்பவர்களே கேபிளில் இணைத்தால் நல்லது என்கிறார்கள் என்றால், உண்மை எந்தப் பக்கம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

கடைக்குப் போகும் முன்

கடைக்குப் போகும் முன் ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் அலுவலகத்தின் படத்தை வரையுங்கள். முதலாளி நாற்காலியை விட்டுவிடுங்கள். உண்மையில் எங்கே வேலை நடக்கிறது, எந்த மேஜையில் லேப்டாப், எங்கே பில்லிங், எந்த மூலையில் பார்கோடு ஸ்கேனர் என்று குறியுங்கள். நகராத கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் நேராகக் கேபிளே கொடுத்துவிடுங்கள். அவற்றுக்கு வயர்லெஸ் எதற்கு? மீதமுள்ள, நடமாடும் கருவிகள் கூடும் இடங்களில் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகள்தான் உங்கள் அக்ஸெஸ் பாயிண்ட்கள். மோடத்திலிருந்து அவற்றுக்குக் கோடு போடுங்கள். அந்தக் கோடுகள்தான் கேபிள்.

அந்தத் தாளைக் காட்டி, "இந்தப் புள்ளிகளில் வைக்க அக்ஸெஸ் பாயிண்ட், இந்தக் கோடுகளுக்கு முழுத் தாமிரக் கேட் 6 கேபிள், ஒரு பிஓஇ ஸ்விட்ச்" என்று கேளுங்கள். "கேபிள் எல்லாம் எதற்கு சார், இந்தப் பெட்டி ஒன்றே போதும், நாலு மாடிக்கு அடிக்கும்" என்று யாராவது சொன்னால், "நாலாவது மாடியில் இருந்து என் போனும் பதில் அடிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். சரியான பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.